மூன்று வாரத்தில் என்ன மாறியது

மெத்தைக்கடைக்குள் போக வேண்டுமென்றால் முதலில் பையைக் காட்ட வேண்டும். சட்டைப்பை, கால்சட்டைப்பை, கையில் தொங்குகிற பை, எதுவானாலும் வாசலிலேயே உதறிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க முடியும். பஞ்சு பிரிக்க வரும் இரண்டு பெண்களும் காட்டுவார்கள், சரக்கு இறக்க வருகிறவர்களும் காட்டுவார்கள். மெத்தை வாங்க வந்த புது மாப்பிள்ளை ஒருவர், பையைக் காட்ட நான் என்ன திருடனா என்று முறைத்துக்கொண்டு திரும்பிப் போனார். கல்யாணமான அன்று அவர் தரையில்தான் படுத்திருப்பார் என்று தெருவில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சோதனை போடுவது கடைக்காரரின் மனைவி. நேரில் எல்லாரும் அக்கா என்போம், தெருவில் அவருக்கு வைத்திருந்த பெயர் செக்போஸ்ட். அது அவருக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. சொந்தப் புருஷனையும் விடமாட்டார். மெத்தைக்காரர் டீ குடித்துவிட்டு வந்தால்கூட இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். அக்கா தட்டிப் பார்த்துவிட்டு, "ம், போங்க" என்பார்.

தேடுவது தீப்பெட்டியை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பின்கதவுப் பக்கம் குவித்திருந்த பஞ்சில் நெருப்புப் பிடித்தது. பஞ்சு நெருப்பு மேலே தெரியாது, உள்ளுக்குள் தின்றுகொண்டே போகும். தெரிகிறபோது பாதிக் கடை போயிருந்தது. பஞ்சு பிரிக்கிற பெண்களில் மூத்தவளுக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. அக்காவின் தம்பி அப்போது அங்கேதான் வேலை செய்தான், சிகரெட் குடிப்பான், ஊருக்கே தெரியும். எல்லார் முன்னாலும் அக்கா அவன் பையில் கைவிட்டார். தீப்பெட்டி இருந்தது. கன்னத்தில் ஒன்று விட்டு, "என் மூஞ்சியிலயே முழிக்காதே" என்று அனுப்பினார். "நான் இல்லக்கா" என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னான். அன்றைக்குப் போனவன்தான்.

அதே வாரம் மெத்தைக்காரரும் சிகரெட்டை விட்டுவிட்டதாக மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அதுவரையும் கடைப்பக்கம் பிடித்ததில்லை, டீக்கடையில்தான் என்று அவர் சொல்லிவைத்திருந்தார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "முப்பது வருஷப் பழக்கம், நான் சொன்னதுக்காக விட்டாரு" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார்.

நான் எதிர்வரிசையில் குடை ரிப்பேர் செய்கிறவன். மாடிப்படிக்குக் கீழே மூன்றடி இடம், ஒரு தகரப்பெட்டி, ஒரு முக்காலி, இதுதான் என் கடை. அந்தத் தகரப்பெட்டியில், ஒடிந்த குடைக்கம்பிகளுக்கு அடியில், மெத்தைக்காரரின் சிகரெட் பாக்கெட்டும் லைட்டரும் மூன்று வருடமாக இருந்தன. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. யோக்கியன் மாதிரிக் கதை சொல்லிக்கொண்டு போனால் பிறகு எனக்கே அசிங்கம்.

ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வருவார். படிக்கட்டுக்குப் பின்னால் போய்ப் புகைத்துவிட்டு, என் மெஷின் எண்ணெய்த் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஏலக்காயை மென்றபடி திரும்பிப் போவார். அக்காவுக்குப் பஞ்சுத் தூசியில் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. கையில் எதுவும் இல்லை, பையில் எதுவும் இல்லை. செக்போஸ்ட்டைத் தாண்டி மனுஷர் ஜம்மென்று உள்ளே போய்விடுவார்.

பஞ்சும் புகையும் சேர்ந்தால் நெஞ்சு சும்மா இருக்குமா? இரண்டு வருடத்துக்கு முன்னால் மூச்சிரைப்பு வந்து டாக்டரம்மாவிடம் போனார்கள். அந்தம்மா மூச்சுக்கு ஒரு மாத்திரை எழுதினார். மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு போதும் என்று இரண்டில்தான் ஆரம்பித்தார். கேட்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் மருந்து போதிய அளவு நிற்கவில்லை. சிகரெட் உண்டா என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காதான் முந்திக்கொண்டு, விட்டு ஒரு வருடம் ஆகிறது என்று பதில் சொல்லியிருக்கிறார். மெத்தைக்காரர் தரையைப் பார்த்திருக்கிறார். சரி, உங்கள் உடம்பு மருந்தைச் சீக்கிரம் செலவு செய்கிற உடம்பு போலிருக்கிறது என்று டாக்டரம்மா மூன்றாக்கினார். மூன்றில் மூச்சு சரியானது. அதிலிருந்து வேளை தவறாமல் அக்கா தன் கையாலேயே மாத்திரையை எடுத்துக் கொடுப்பார், அவர் விழுங்குகிறவரை நின்று பார்ப்பார்.

இந்த மழைக்காலம் தொடங்கியபோது அவர்கள் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். எனக்கு மழைதான் பிழைப்பு, அவர்களுக்கு மழைதான் வில்லங்கம். ஈரக்காற்றில் பஞ்சு கட்டிக்கட்டியாகப் பிடித்துக்கொள்ளும், மெஷினில் போட்டு அடித்தாலும் பிரியாது. அந்த நாள்களில் மெத்தைக்காரர் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். ஒரு நாள் மகள் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "அப்பா, உங்க சட்டையில சிகரெட் வாடை அடிக்குது. அந்தக் குடைக்கார மாமா பக்கத்துல போய் உட்காராதீங்க. குழந்தைக்கு ஆகாது" என்று சொன்னாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை நான்.

மறுநாள் அவர் வந்தார், முக்காலியில் உட்கார்ந்தார், பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. "விட்டுட்டேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு எடுக்கவில்லை, அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. நகத்தைக் கடித்தார், என் குடைத்துணியை எல்லாம் கிள்ளிக் கிழித்தார், ஆனால் தொடவில்லை. பாவம், முப்பது வருடத்தில் செய்த ஒரே வீரச்செயல், அதை வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னாலேயே விட்டதை மறுபடி எப்படி விடுவது?

ஒரு வாரம் போயிருக்கும், அவர் கை நடுங்க ஆரம்பித்தது.

மெத்தையை உறைக்குள் அடைத்து முடித்ததும் ஒரு முழ நீள ஊசியில் சணல் நூலைக் கோத்து மேலிருந்து கீழே குத்தி இழுத்து முடிச்சுப் போட வேண்டும். அது அவர் வேலை. கண்ணை மூடிக்கொண்டு நூல் கோப்பவர், அன்றைக்கு எட்டு தடவை எச்சில் தொட்டும் கோக்க முடியவில்லை. பிறகு சாப்பிட்டதெல்லாம் வாந்தி. நெஞ்சு படபடவென்று அடிப்பதாகச் சொன்னார். ஒரு டீ குடித்தாலே நாலு டீ குடித்த மாதிரி இருக்கிறது என்றார். தூக்கம் போயிற்று. முகம் சுருங்கி, ஆளே பாதியானார்.

சிகரெட்டை விட்டால் இப்படித்தான் உடம்பு கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். அவர் அப்படித்தான் சொன்னார், நானும் தலையாட்டினேன். இரண்டு மேதாவிகள்.

அக்காவுக்கோ சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. அவருக்குச் சந்தேகம் வந்தால் அது ஒரு இடத்தில் உட்காராது, தெருத்தெருவாகச் சுற்றும். முதலில் பால்காரர் மாட்டினார். பாலில் என்ன கலக்கிறாய் என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பிறகு புதிதாக வந்த பஞ்சு மூட்டை. எந்த மருந்து அடித்த பஞ்சோ என்று மூட்டையைப் பிரித்து, வாசனை தெரியாத மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தார். அதன் பிறகு மருந்துக்கடை. அட்டையின் நிறம் மாறியிருக்கிறது, போலி மாத்திரை கொடுத்து என் புருஷனைக் கொல்கிறாய் என்று கடை முன்னால் நின்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. மருந்துக்கடைக்காரர் பொறுமைசாலி. பழைய அட்டை, புது அட்டை இரண்டையும் எடுத்துப் போட்டு, அதே கம்பெனி, அதே மருந்து, அதே எடை, அட்டை மட்டும்தான் வேறு என்று எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார். அக்கா நம்பவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடையில் எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேர் தலைவலி மாத்திரை வாங்கவே யோசித்தார்கள்.

மூன்றாவது வாரம் அவர் மெத்தை மேலேயே விழுந்தார். ஊசி கையில் ஏறியிருந்தது. டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் முடிவு வந்தபோது அந்தம்மாவின் முகம் மாறியது. ரத்தத்தில் மூச்சு மருந்து இருக்க வேண்டியதற்கு மேல், ஆபத்தான அளவில் இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"நீங்க சொன்ன மூணுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மறந்து ரெண்டு தடவை குடுத்திருக்கலாம்."

"என் கையால எடுத்துக் குடுக்கறேன் டாக்டர். எனக்குத் தெரியாதா?"

அதுதான் டாக்டரம்மாவுக்கும் யோசனை. உன் கையால்தான் கொடுக்கிறாய் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது. மகள் மெதுவாக, "அம்மா, ராத்திரி தூக்கக் கலக்கத்துல இன்னொண்ணு குடுத்திருப்பியோ?" என்றாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. ஊரையே தட்டிப் பார்த்த பெண்ணை முதல் தடவையாக மற்றவர்கள் தட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தினார். இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார். மருந்து இறங்கியது, நடுக்கம் குறைந்தது, ஆனால் இழுப்பு திரும்ப எட்டிப் பார்த்தது. அப்போது டாக்டரம்மா அக்காவை உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். இந்த மருந்து இல்லாமலும் இவருக்கு முடியாது, அதிகமானால் வலிப்பு வரும், நெஞ்சே நின்றுபோகும். அதே மாத்திரை, அதே மூன்று, இரண்டு வருடம் ஒத்துக்கொண்டது, இப்போது விஷமாகிறது. அப்படியானால் மாத்திரை மாறவில்லை, உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது. வேறு டாக்டர் கொடுத்த மாத்திரை ஏதாவது சேர்ந்திருக்கலாம். காய்ச்சல் வந்திருக்கலாம். ஈரல் கெட்டிருக்கலாம், ஆனால் சோதனையில் ஈரல் நன்றாக இருக்கிறது. சாப்பாடு மாறியிருக்கலாம். எது என்று தெரியாமல் எவ்வளவு கொடுப்பது என்று என்னால் எழுத முடியாது.

"இந்த மூணு வாரத்துல என்ன மாறிச்சு? அதைக் கண்டுபிடிங்க" என்றார்.

யாரிடம் போய் என்ன வேலை கொடுத்திருக்கிறோம் என்று அந்தம்மாவுக்குத் தெரியாது. அக்கா வீட்டுக்கு வந்ததும் அலமாரியைக் கவிழ்த்தார். தலையணை உறையைக் கழற்றினார். மகளின் பெட்டியைத் திறந்து குழந்தையின் சொட்டு மருந்தை மூக்கருகே பிடித்தார். பஞ்சு பிரிக்கிற பெண்களை நிற்க வைத்து, அவருக்கு என்ன வாங்கிக் கொடுத்தீர்கள் என்று குறுக்கு விசாரணை செய்தார். மூத்தவள் வெந்த கையைத் தடவிக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கும் தெரியும்போல. எங்கள் தெருவில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், சொல்ல வேண்டியவருக்கு மட்டும் சொல்ல மாட்டோம்.

கடைசியில் மழையோடு மழையாக என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, நீங்க நாள் பூரா எங்க வாசலையே பாத்துட்டு உட்கார்ந்திருக்கீங்க. இந்த மூணு வாரமா அவரு எங்க போனாரு, என்ன தின்னாரு? எது புதுசு?"

"புதுசா ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அவர் போகவில்லை. "புதுசு வேணாம். எது நின்னுபோச்சு?"

சத்தியமாகச் சொல்கிறேன், சிகரெட்டை நிறுத்தினால் மாத்திரை விஷமாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல காரியம் எப்படி ஆளைக் கொல்லும்? ஆனால் நின்றுபோனது அது ஒன்றுதான். சொன்னால் அவர் குடும்பம் போகும், சொல்லாவிட்டால் ஆளே போவார். குடைக்கம்பிகளை விலக்கி, பாக்கெட்டை எடுத்து அக்கா கையில் வைத்தேன். உள்ளே ஐந்து சிகரெட் மிச்சம் இருந்தது.

"இது அவரோடது. சரியா மூணு வாரமா தொடலை."

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். "செருப்பப் போடுங்க. டாக்டர்கிட்ட வந்து இதைச் சொல்லுங்க" என்றார். கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி அவர் பின்னால் நடந்தேன்.

டாக்டரம்மாவின் மேசையில் பாக்கெட்டை வைத்தபோது மெத்தைக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எத்தனை பிடிப்பீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இப்ப இல்லம்மா. முன்னாடி…"

"முன்னாடி எத்தனை?"

"பன்னெண்டு."

"ரெண்டு வருஷம் முன்னாடி நான் ரத்தம் பாத்து மூணு மாத்திரை ஆக்கினேனே, அப்ப?"

"பன்னெண்டுதான்."

"அதுக்கு முன்னாடி கொஞ்ச நாளாவது விட்டிருந்தீங்களா? பொய் சொன்னா உங்களுக்குத்தான் ஆபத்து."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை தகரத்தில் அடித்தது.

"ஒரு நாளும் விட்டதில்லம்மா. முப்பது வருஷமா. இப்பத்தான், பேரனுக்காக."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குப் புதிர் அவிழ்ந்த நிம்மதி. பொறுமையாக விளக்கினார். சிகரெட் புகை ஈரலை விரட்டி வேலை வாங்கும். புகைக்கிறவன் உடம்பில் இந்த மருந்து அவசர அவசரமாகக் கரைந்து வெளியே போய்விடும். அதனால்தான் இவருக்கு மூன்று தேவைப்பட்டது. புகை நின்றதும் ஒரு வாரத்தில் ஈரல் தன் பழைய நடைக்கு வந்துவிட்டது. மாத்திரை மட்டும் அதே மூன்று. போனதற்கு மேல் வந்து சேர, ரத்தத்தில் தங்கிவிட்டது. டீகூட அதே வழியில் போகிறதுதான், அதனால்தான் ஒரு டீ நாலாகத் தெரிந்தது.

"இனிமே ரெண்டு போதும். மறுபடி புகைச்சா அதையும் வந்து சொல்லுங்க, அப்ப கணக்கே வேற. எதைச் செஞ்சாலும் என்கிட்ட மறைக்காதீங்க" என்றார். பிறகு அக்காவிடம், "உங்க மேல தப்பில்லம்மா. இவரு நிஜமாவே விட்டுட்டாரு. ரத்தமே சொல்லுது" என்றார்.

"வாய் சொல்ல வேண்டியதை ரத்தம் சொல்லுதா" என்றார் அக்கா.

வீட்டுக்குத் திரும்பும்போது மழை விடவில்லை. ஒரு பெரிய குடைக்குள் அவர்கள் இருவரும், பின்னால் நான் ஒரு ஓட்டைக் குடையில். மெத்தைக்காரர் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்கு அப்போதே தெரியும் அடுத்தது என்ன வரப்போகிறதென்று. மூன்று வருடமாக எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு. நெருப்புப் பிடித்த மூன்றாம் நாள்தான் அவர் முதல் தடவையாகப் பாக்கெட்டை என்னிடம் கொண்டு வந்து கொடுத்தார். அதுவரை எங்கே புகைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதனாலேயே கேட்கவில்லை.

மருந்துக்கடை வாசலில் அக்கா நின்றார்.

"ஏங்க, விட்டுட்டேன்னு பண்ண சத்தியமே பொய். டீக்கடையிலதான் பிடிப்பேன்னு சொன்னதும் அப்படித்தானா? அப்ப நெருப்புப் பிடிச்ச அன்னிக்கு எங்க நின்னு பிடிச்சீங்க?"

"பின்கதவுகிட்ட. காலால தேச்சு அணைச்சேன். அணைஞ்சுருச்சுன்னுதான் நினைச்சேன்."

அக்கா குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். மழையில் நனைந்துகொண்டே நடக்கத் தொடங்கினார். மருந்துக்கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா அவர் முன்னால் ஒரு நிமிடம் நின்று, "உங்க மாத்திரை நல்ல மாத்திரைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே அக்கா தம்பிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மாத்திரை வேளைக்கு மாத்திரை கொடுத்தார், சாப்பாடு போட்டார், மெத்தைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் நடுக்கம் நின்று, மூச்சும் சீராகி, ஐந்தாம் நாள் யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனார். தம்பி ஊருக்கு வெளியே பஸ் கழுவுகிற இடத்தில் வேலை செய்கிறான். சோப்புத் தண்ணீருக்கு நடுவில் போய் நின்று, நெருப்புக்குக் காரணம் நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். எல்லார் முன்னாலும்தானே அவன் அடி வாங்கினான், அதனால் அப்படிச் சொன்னேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். தம்பி தண்ணீர்க் குழாயை நிறுத்தவே இல்லையாம். கேட்டுக்கொண்டே கழுவினானாம்.

அதற்கடுத்த நாள் காலையில் மழை விட்டு லேசாக வெயில் வந்தது. கடையில் பஞ்சை வெளியே காய வைத்திருந்தார்கள். பெண்கள் இருவரும் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். மெத்தைக்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், முதல் தடவையிலேயே கோத்துவிட்டார். மகள் குழந்தையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா வழக்கம்போல வாசலில்.

தம்பி தெருமுனையில் வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். இளைத்திருந்தான். முடியில் பாதி நரை. நேராக வந்தான், யாரையும் பார்க்கவில்லை. மூத்தவள் தட்டுவதை நிறுத்தினாள். அக்கா எழுந்து இரண்டு அடி முன்னால் வந்தார்.

அவன் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான். கால்சட்டையின் இரண்டு பைகளையும் உள்பக்கம் வெளியே வரும்படி இழுத்துத் தொங்கவிட்டான். ஒன்றில் ஒரு சாவி இருந்தது, அதைக் கையில் எடுத்து நீட்டிக் காட்டினான். பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

அக்காவின் கை அவனைத் தட்டிப் பார்க்கப் போகவில்லை. மூன்று வருடமாக ஊரில் உள்ள பையெல்லாம் தேடிய கை. அழுதுகொண்டே அந்தத் துணிப் பைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, உள்ளே தள்ளி, மேலே தடவிச் சரிசெய்தார்.

"சட்டைப்பையைப் பாக்கலையேக்கா" என்றான் தம்பி.